எக்ஸ்பல்ஸ் பின் டயர்: நடுவுல 3 மி.மீ., ஓரத்துல 7. மழைக்கு முன்னாடி மாத்தணுமா?

#1 செம்மண்தடம்

வண்டி ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 4வி. டயர் அளவு முன்னாடி 90/90-21, பின்னாடி 120/80-18, ரெண்டும் கம்பெனியில வந்த டயர், டியூப் போட்டது. ஓடோ மீட்டர் 14,200 கி.மீ. வாரநாள்ல ஜிஎஸ்டி ரோடு, மாசத்துல ஒண்ணு ரெண்டு தடவை ஜவ்வாது மலைப் பக்கம் மண் தடம்.

பின் டயர்ல நடு பட்டன் (தரையில படுற ரப்பர் கட்டை) உயரம் 3 மி.மீ., ஓரம் 7. முன் டயர் 4.5 இருக்கு, ஆனா பட்டன் ஒவ்வொண்ணும் ஒரு பக்கமா சரிஞ்சு தேய்ஞ்சிருக்கு. கையை முன்னோக்கித் தடவினா வழுவழுன்னு போகுது, பின்னோக்கித் தடவினா ரம்பம் மாதிரி பிடிக்குது. கடையில கேட்டா "இன்னும் மூவாயிரம் தாராளமா ஓடும்"ங்கிறாங்க. அக்டோபர் மழைக்கு முன்னாடி மாத்திடணுமா? பின்னாடி மட்டும் போதுமா? எந்த டயர் நல்லதுங்கிற சண்டையை இன்னொரு இழையில வச்சுக்கலாம், இங்க எப்போ மாத்துறதுங்கிறது மட்டும்.

#2 ரிம்லாக்

முதல்ல அளவு சரியான்னு பாத்துடலாம். தனி கேஜ் வேண்டியதில்ல, வெர்னியர் காலிப்பர்ல ஆழம் அளக்கிற வால் கம்பி போதும். பட்டன் தலையிலிருந்து ரெண்டு பட்டனுக்கு நடுவுல இருக்கிற தரை வரைக்கும் அளக்கணும். அந்தத் தரையில அங்கங்க சின்ன ரப்பர் மேடு இருக்கும், அதுதான் டிடபிள்யூஐ, தேய்மான எல்லைக் குறி. பக்கச்சுவர்ல முக்கோணமோ அந்த எழுத்தோ இருக்கிற இடத்துக்கு நேரா மேல தேடுங்க. கம்பி அந்த மேட்டு மேல நின்னா அளவு கம்மியா வரும். இடுக்குல ஜல்லி சிக்கியிருந்தாலும் அப்படித்தான்.

டயரைச் சுத்தி சம தூரத்துல மூணு இடம், ஒவ்வொரு இடத்துலயும் நடு, இடது ஓரம், வலது ஓரம். மூணு இடத்துக்கும் அரை மி.மீ.க்கு மேல வித்தியாசம் வந்தா அது சாதாரண தேய்மானம் இல்ல. பின் பிரேக்கை லாக் பண்ணி இழுத்த இடமா இருக்கும், இல்லேன்னா ரிம் கோணியிருக்கும். ரிம் கோணியிருந்தா புது டயரும் அதே இடத்துலதான் சாகும்.

இதுக்கு முன்னாடி எப்பவாவது அளந்து வச்சிருக்கீங்களா? ஒரே ஒரு அளவு இருந்தா டயர் எங்க நிக்குதுன்னு தெரியும், எவ்வளவு வேகமா போகுதுன்னு தெரியாது.

#3 செம்மண்தடம்

இப்போ அளந்தது நடுவுல 2.9, 3.0, 3.1. ஓரம் ரெண்டு பக்கமும் 7ஐ ஒட்டி. 11,200ல சர்வீஸ் விட்டப்போ நடு 4.2ன்னு எழுதி வச்சிருக்கேன்.

#4 கொண்டைஊசி70

அப்போ கணக்கு சுலபம். 3,000 கிலோமீட்டருக்கு 1.2 மி.மீ., ஆயிரத்துக்கு 0.4. மழையில ஓட்டுற வண்டிக்கு 2 மி.மீ.ங்கிறது என்னோட கோடு. மீதி இருக்கிற 1 மி.மீ.க்கு 2,500 கி.மீ. வரும். கடைக்காரர் சொன்ன மூவாயிரம் தப்பில்ல, கிட்டத்தட்ட அதேதான்.

ஆனா தேதியையும் பாருங்க. மாசம் ஆயிரம் ஓட்டுற வண்டின்னா இப்போ செப்டம்பர்லேருந்து 2,500 கி.மீ. போனா நவம்பர் கடைசி. வடகிழக்குப் பருவமழை உச்சத்துல இருக்கும்போது உங்க டயர் ரொம்ப மோசமான நிலையில இருக்கும். இதே 3 மி.மீ. பிப்ரவரியில இருந்திருந்தா "கோடை முழுக்க ஓட்டுங்க, மே மாசம் பாத்துக்கலாம்"னு சொல்லியிருப்பேன்.

#5 தார்ரோடு

ஒத்துக்கமாட்டேன். மத்திய மோட்டார் வாகன விதியில ரெண்டு சக்கர வண்டிக்கு 0.8 மி.மீ.தான் எல்லை. மூணு மி.மீ.ல இருக்கிற டயரைக் கழட்டித் தூக்கிப் போடுறது காசைத் தூக்கிப் போடுறது. பைக் டயர் கார் டயர் மாதிரி தட்டை இல்ல, உருண்டை. தண்ணியை ரெண்டு பக்கமும் ஒதுக்கித் தள்ளிட்டுத்தான் போகும். கார் மாதிரி தண்ணி மேல மிதக்கிற பேச்சு இங்க கம்மி.

#6 ரிம்லாக்

> பைக் டயர் கார் டயர் மாதிரி தட்டை இல்ல, உருண்டை.

புது டயர் உருண்டை. நடுவுல 3, ஓரத்துல 7 இருக்கிற டயர் தட்டைதான் தார்ரோடு சார். வித்தியாசம் 4 மி.மீ. புதுசுலயே நடுவுக்கும் ஓரத்துக்கும் கொஞ்சம் வித்தியாசம் இருக்கலாம், ஆனா இவ்வளவு இருக்காது. உருண்டையா இருக்கிறதால கிடைச்ச நன்மை அந்த இடத்துலேயே போயிடுச்சு.

மழையைவிட வளைவுல இது முதல்ல தெரியும். நேரா போகும்போது தட்டையான பட்டை மேல வண்டி நிக்கும். சாய்க்கும்போது பட்டையோட விளிம்புல ஏறணும், அதுக்குக் கொஞ்சம் பலம் கேக்கும். விளிம்பைத் தாண்டினதும் திடீர்னு மறுபக்கம் விழுற மாதிரி சாயும். கொல்லிமலையில 70 கொண்டை ஊசி, ஒவ்வொண்ணுலயும் ரெண்டு தடவை இது நடக்கும். பலரும் இதை சஸ்பென்ஷன் கோளாறுன்னு நினைச்சு பிரீலோடை (ஸ்பிரிங் இறுக்கத்தை) மாத்திக்கிட்டு இருப்பாங்க. தார் ரோடு நடுவுல போட்ட வெள்ளைக் கோட்டுல, பாலத்து இணைப்புல வண்டி நெளியறதும் இதனாலதான்.

0.8ங்கிறது அபராதம் போடுறதுக்கான எல்லை. தார், மண் ரெண்டுக்குமான டூயல் ஸ்போர்ட் டயருக்கு முடிவு ஒரே இடத்துல வராது. சேத்துல, தளர்ந்த மண்ணுல பட்டனோட உயரத்தைவிட அதோட விளிம்பு முக்கியம். விளிம்பு கத்தி மாதிரி இருந்தாத்தான் மண்ணை வெட்டும். உயரம் பாதி இருக்கும்போதே விளிம்பு உருண்டுடும், அன்னிக்கே மண்ணுக்கு அந்த டயர் முடிஞ்சுது. அடுத்தது மழைத் தார் ரோடு, அது 2ஐ ஒட்டி. கடைசியாத்தான் காய்ஞ்ச தார், அது டிடபிள்யூஐ வரைக்கும். செம்மண்தடம் கணக்குல முதல் முடிவு ஏற்கெனவே தாண்டியாச்சு. ஜவ்வாது மலையில மழை பெஞ்ச செம்மண் ஏத்தத்துல பின் சக்கரம் நின்ன இடத்துலயே சுத்தும், பட்டன் இடுக்கு மண்ணால அடைஞ்சு வழவழன்னு ஆயிடும்.

#7 பஞ்சர்பெட்டி

எல்லாரும் பிடிப்பைப் பத்தியே பேசுறீங்க. தேய்ஞ்ச டயர்ல முதல்ல கூடுறது பஞ்சர். நடு பட்டன் 7, 8 மி.மீ. இருக்கும்போது சின்ன ஆணி டியூபைத் தொடாமலே நிக்கும். அதே ஆணி 2 மி.மீ. பட்டன்ல நேரா உள்ள போயிடும். டியூப் வண்டியில அது மெதுவா இறங்காது. வால்வு ஓட்டை, ஸ்போக்ஸ் ஓட்டை எல்லாத்துலயும் காத்து வெளியேறும், சில நொடியில பின் சக்கரம் தட்டை.

நம்ம பக்கம் சீமைக்கருவேல முள் வேற. முள் உள்ள போய் முறிஞ்சு டயருக்குள்ளேயே தங்கிடும். வெளியிலேருந்து பாத்தா புள்ளி கூடத் தெரியாது. டியூபை ஒட்டி மாட்டினா, மாட்டின அன்னிக்கே அதே இடத்துல மறுபடி பஞ்சர். "டியூப் சரியில்ல"ன்னு டியூபை மாத்துவாங்க, அதுவும் போகும். டியூப் கழட்டும்போதெல்லாம் பழைய பனியன் துணியை டயருக்குள்ள விட்டு ரெண்டு திசையிலயும் சுத்தித் துடைங்க. முள் இருந்தா துணி சிக்கும். வெறும் விரலை விடாதீங்க.

ஒரு மாசத்துல ரெண்டு மூணு பஞ்சர் வேற வேற இடத்துல வந்தா, வெர்னியர் என்ன சொன்னாலும் டயரை மாத்துங்க.

#8 பனங்காட்டான்

வணக்கம், யாழ்ப்பாணத்திலயிருந்து. இங்க செரோ 225, எக்ஸ்ஆர் பாஹா, ஜெபல் மாதிரிப் பழைய யப்பான் மோட்டார் சைக்கிள்தான் கூட. செரோவின்ர பின் சில்லும் 120/80-18தான், அதால உங்கட கதை எங்களுக்கும் பொருந்தும்.

ஒருத்தரும் ரயரின்ர வயசைக் கேக்கேல்லை. பக்கச்சுவரில நாலு இலக்கம் இருக்கும். 1421 எண்டா 2021ஆம் ஆண்டின்ர 14ஆவது கிழமை (வாரம்). சில ரயரில ஒரு பக்கம் மட்டும்தான் அடிச்சிருப்பினம், மற்றப் பக்கத்தையும் பாருங்கோ. அஞ்சு வருசம் தாண்டினா வருசத்துக்கு ஒருக்கா நல்லா வளைச்சுப் பாக்க வேணும். பத்து வருசம் எண்டா புதுசு மாதிரித் தெரிஞ்சாலும் வேண்டாம்.

வெடிப்பு எங்க இருக்கெண்டு பாக்கிறதும் முக்கியம். பட்டனின்ர தலையில மயிரளவு கீறல் பெரிய பிரச்சினையில்லை. பட்டன் அடியில, அது உடம்போட சேர்ற மூலையில வெடிப்பு இருந்தா பட்டன் துண்டாப் பிடுங்கிக்கொண்டு போகப் போகுது. பக்கச்சுவரில நீட்டுக்கு வெடிப்பு, வீக்கம், நூல் தெரியிறது, இதில ஒண்டு இருந்தாலும் அண்டைக்கே கழட்டுங்கோ. அளவெடுத்துக்கொண்டு நிக்க வேண்டாம்.

புதுசு வாங்கேக்கையும் இதே இலக்கத்தைப் பாருங்கோ. மெதுவா விற்கிற அளவு எண்டா கடையில வருசக்கணக்கில கிடக்கும்.

#9 கொண்டைஊசி70

பனங்காட்டான் அண்ணா சொன்னதோட ரப்பர் இறுகுறதையும் சேத்துக்கணும். வெயில்ல நிறுத்துற வண்டிக்கு இது சீக்கிரம் வரும். நகத்தால அமுக்கிப் பாக்கிறது நம்பிக்கைக்கு உதவாது, காலையில ஒரு மாதிரி இருக்கும், மத்தியானம் வேற மாதிரி. ரப்பரோட கடினத்தை அளக்கிற ஷோர் ஏ அளவுகோல் ஒண்ணு வாங்கி, நிழல்ல, டயர் ஆறினப்புறம், அதே நேரத்துல, அதே பட்டன்ல அளந்துட்டே வந்தா எண் மெல்ல ஏறுறது தெரியும். தனி எண்ணைவிட புதுசுல இருந்த எண்ணுக்கும் இப்போதைக்கும் உள்ள வித்தியாசம்தான் சேதி.

இப்போ முன் டயர். ரம்பம் மாதிரி தேய்ஞ்சிருக்குன்னு சொன்னீங்க. முன் டயர் பெரும்பாலும் பிரேக்ல தேயுது, பின் டயர் இழுவையில தேயுது. விசை எதிரெதிர் திசை. அதனாலதான் சில டயர்ல ஒரே பட்டன் வடிவத்துக்கு முன்னாடி மாட்ட ஒரு அம்பும் பின்னாடி மாட்ட எதிர்த்திசை அம்பும் போட்டிருப்பாங்க. லேசான ரம்பம் இயல்பு. ஒரு பட்டன் விட்டு ஒரு பட்டன் பள்ளமா இருந்தா, 50, 60 வேகத்துல "ஊஊ"ன்னு சத்தம் வந்தா, அது டயர் கோளாறு மட்டும் இல்ல. காத்து கம்மியா ஓட்டியிருக்கலாம், கோன்செட் (ஹேண்டில் பேரிங்) தளர்ந்திருக்கலாம், வீல் பேரிங் ஆடலாம். முன் சக்கரம் தரையில படாம வண்டியைத் தூக்கி நிறுத்தி, போர்க்கோட அடியைப் பிடிச்சு முன்னும் பின்னும் ஆட்டுங்க. "டொக்"னு கேட்டா கோன்செட். சக்கரத்தை மேலயும் கீழயும் பிடிச்சு ஆட்டி அசைவு இருந்தா பேரிங். இதைச் சரிபண்ணாம புது டயர் போட்டா ரெண்டாயிரத்துலயே அதே பள்ளம் வரும்.

பின்னாடி மட்டும் மாத்தலாமான்னா, 4.5ல வெடிப்பு இல்லாம, கோன்செட் சரியா இருந்தா முன்னாடி இந்த மழையைத் தாங்கும். பொதுவா பின் டயர் ரெண்டு போகும்போது முன் டயர் ஒண்ணு போகும். ஒரே நிபந்தனை: பின்னாடி பெரிய பட்டன் டயர் போட்டுட்டு முன்னாடி இந்தத் தேய்ஞ்சதையே வச்சிருக்காதீங்க. பின் சக்கரம் தள்ளும், முன் சக்கரம் பிடிக்காது, வழுக்கும். பின் சக்கரம் வழுக்கினா பெரும்பாலும் சமாளிச்சிடலாம், முன் சக்கரம் வழுக்கினா தரைதான். முன்னாடி பட்டன் பெருசு, பின்னாடி சிறுசுங்கிற சேர்க்கை பரவாயில்ல, தலைகீழா வேண்டாம்.

#10 வடக்குவழி

இழையைக் கடத்துறதுக்கு மன்னிக்கணும். ஜூன்ல சென்னையிலேருந்து மணாலி, அங்கேருந்து லே. பின்னாடி இப்போ 5 மி.மீ. இருக்கு, பாதி தார், பாதி மண்ணுக்கான வகை டயர். போயிட்டு வந்துடுமா?

#11 ரிம்லாக்

வராது. சென்னையிலேருந்து மணாலிக்கே சுமார் 2,700 கி.மீ., அதுவும் மே கடைசி, ஜூன் தொடக்க வெயில்ல, ரெண்டு பக்கமும் பெட்டியோட. மெதுவான ஊர் ஓட்டத்துல ஆயிரத்துக்கு 0.4 தேயுற டயர் சூடான நெடுஞ்சாலையில பாரத்தோட 100ல போனா ரெண்டு மடங்கு கூடத் தேயலாம். மணாலி போறப்போ 3ஐ ஒட்டி வரும், மலை ஏறுறதுக்கு முன்னாடியே மண் பட்டன் காலி. மணாலியிலேருந்து லே 430 கி.மீ.தான், ஆனா உங்களுக்குப் பட்டன் வேணுங்கிறதே அங்கதான்.

ரெண்டு வழி இருக்கு. வண்டியை ரயில்லயோ லாரியிலயோ சண்டிகர் வரைக்கும் அனுப்பிட்டு புது டயரோட அங்கேருந்து ஓட்டுறது. இல்லேன்னா இந்த 5 மி.மீ. டயரைத் தார்ல தேய்ச்சுக்கிட்டே போய், சண்டிகர்ல புதுசு மாத்துறது. உங்க அளவு அங்க இருக்கான்னு கடைக்கு முன்னாடியே பேசி எடுத்து வைக்கச் சொல்லணும். மணாலியில தேடிக்கலாம்னு போகாதீங்க, பருவத்துல 18 அங்குல டயர் சுலபமா கிடைக்காது.

தேய்மானம் நேர்கோடு இல்லங்கிறதும் தெரிஞ்சுக்கங்க. உயரமான பட்டன் தார்ல நெளியும், நெளியிறதால சூடாகி முதல் சில மி.மீ. வேகமா போகும். குட்டையானதும் நெளிவு குறையும், கொஞ்சம் மெதுவாகும். அதனால புது டயரோட முதல் ஆயிரத்தை வச்சு ஆயுளைக் கணக்குப் போட்டா பயந்துடுவீங்க.

#12 தார்ரோடு

சரி, மழைக்கு மாத்துறதை ஒத்துக்கிறேன். ஆனா அந்த 3 மி.மீ. டயரைக் குப்பையில போடாதீங்க. கழட்டிக் கழுவி, வெயில், மோட்டார் சூடு படாத இடத்துல நிமிர்த்தி வைங்க. மார்ச்ல மறுபடி மாட்டி கோடை முழுக்க ஜிஎஸ்டி ரோட்டுல தேய்ச்சு முடிச்சுட்டு, அடுத்த மழைக்குப் புதுசை மாட்டலாம். புது டயரோட பட்டனும் கோடைத் தார்ல வீணாகாது.

#13 பஞ்சர்பெட்டி

யோசனை சரி, டயர் கழட்டுற லீவர் உங்க கையில இருந்தா மட்டும். கடையில ஒவ்வொரு தடவையும் கூலி கொடுத்து மாட்டிக் கழட்டினா லாபம் அங்கேயே போயிடும். அதோட பழைய டயரோட பீடிங் (ரிம்ல உக்காருற விளிம்பு) ரெண்டு மூணு தடவை லீவர் பட்டா கிழியும், கம்பி தெரியும் அளவுக்குப் போனா மாட்டக்கூடாது.

மாத்தும்போது டியூபும் புதுசு போடுங்க. பழைய டியூப் நீண்டு பெருசாயிருக்கும், புது டயருக்குள்ள மடிப்பு விழும், மடிப்பு தேய்ஞ்சு ஓட்டையாகும். பின்னாடிக்கு 120/80-18 அல்லது 4.10/4.60-18னு போட்ட டியூப். முன்னாடிக்கு 2.75/3.00-21. ரிம் டேப் (ஸ்போக்ஸ் முனை டியூபைக் குத்தாம மூடுற பட்டை) நைஞ்சிருந்தா அதையும். டயருக்குள்ள டால்கம் பவுடர் தூவி, டியூபுக்கு வடிவம் வர்ற அளவுக்கு லேசா காத்து விட்டு உள்ள வைங்க. கடைசி பீடிங்கை லீவரால ஏத்தும்போது எதிர்ப்பக்கத்தை முழங்காலால அமுக்கி ரிம்மோட நடுப் பள்ளத்துக்குள்ள இறக்கிடுங்க. அது இறங்கலேன்னா லீவர்ல பலம் கொடுப்பீங்க, லீவர் முனை டியூபைக் கிள்ளும், ரெண்டு ஓட்டை. அம்புக்குறி திசையை மாட்டுறதுக்கு முன்னாடி ஒரு தடவை, மாட்டினப்புறம் ஒரு தடவை பாருங்க.

சோப்புத் தண்ணி தடவி 35லேருந்து 40 பிஎஸ்ஐ வரைக்கும் ஏத்தினா பீடிங் "டப்"னு உக்காரும். பக்கச்சுவர்ல போட்டிருக்கிற அதிகபட்ச எண்ணைத் தாண்டவே கூடாது. ரிம்மை ஒட்டி டயர்ல ஒரு மெல்லிய வட்டக் கோடு இருக்கும், அது சுத்திலும் ஒரே தூரத்துல தெரியணும். ஒரு இடத்துல உள்ள போயிருந்தா காத்தை இறக்கி மறுபடி சோப்பு. அப்புறம் வண்டியில ஒட்டியிருக்கிற ஸ்டிக்கர்ல இருக்கிற அளவுக்குக் காத்து. மண் தடத்துக்கு 18, 20 வரைக்கும் இறக்கலாம், அதுக்குக் கீழ போனா கல்லுல இடிச்சு ரிம் டியூபைக் கடிச்சிடும்.

வால்வு நட்டை ரிம்மோட இறுக்காதீங்க, மூடியோட ஒட்டி மேல விடுங்க. டியூப் நகர்ந்தா வால்வு சாய்ஞ்சு காட்டும். இறுக்கியிருந்தா சாயாது, அடியோட பிஞ்சுடும்.

#14 செம்மண்தடம்

கோன்செட் ஆட்டிப் பாத்தேன், லேசா "டொக்" வருது. அதை இறுக்கக் கொடுத்துட்டேன். பின்னாடி டயர், டியூப், ரிம் டேப் இந்த வாரம். பழைய குறியீட்டுலயே, 62எஸ். முன்னாடி இருக்கட்டும், ஆயிரத்துக்கு ஒரு தடவை அளந்து இங்கேயே போடுறேன். லீவர் இல்லாததால தார்ரோடு சாரோட கோடைத் திட்டத்துக்கு வழியில்ல.

இன்னொண்ணு: தேய்மானம் சமமாகட்டும்னு முன் டயரைத் திசை மாத்தி மாட்டலாமா?

#15 கொண்டைஊசி70

மண்ணுல மட்டும் ஓடுற வண்டிக்குச் சிலர் செய்வாங்க. நீங்க ஜிஎஸ்டி ரோட்டுல பிரேக் பிடிக்கிறவர், அம்பு இருந்தா அம்புப்படியே விடுங்க. 62எஸ்ங்கிறது அந்த டயர் தாங்குற அதிகபட்ச பாரம் 265 கிலோ, வேகம் மணிக்கு 180 கி.மீ., அதுக்குக் குறைஞ்ச எண் எடுக்காதீங்க.

புது டயர் வழுவழுப்பா இருக்கும், முதல் 150 கி.மீ. மழைத் தார்ல பலமா சாய்க்காதீங்க. அது முடிஞ்சதும் ஸ்போக்ஸை ஒரு தடவை தட்டிப் பாத்துட்டு, செயின் தளர்வையும் சரிபாருங்க, சக்கரம் கழட்டி மாட்டினப்போ நகர்ந்திருக்கும். புதுசோட முதல் அளவையும் அன்னிக்கே எழுதி வச்சுக்கங்க, நடு, ஓரம் ரெண்டும்.